பிடிமண் யார் தருவது?

மேற்கே பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கும், தெற்கே சின்னாறு வழியாக இடுக்கியின் மறையூருக்கும் சாலை பிரியும் இடம் உடுமலைப்பேட்டை. அவ்வட்டாரத்துச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் தைப்பொங்கலை ஒட்டி மூன்று நாள் விழா நடக்கிறது. மாடு கன்றுகள் நோயின்றி இருக்க வேண்டி, உழவர்கள் மண்ணால் செய்த மாட்டு உருவங்களைக் காணிக்கையாக வைக்கிறார்கள். கொங்கு வழக்கில் அதற்கு உருவாரம் என்று பெயர். வைத்த உருவாரம் வீடு திரும்புவதில்லை. அடுத்த தைக்கு வேறு உருவாரம் வேண்டும்.

சுடுமண் சிற்பக்கலை அழிகிறது, அதைப் பாதுகாக்க வேண்டும் என்று கருத்தரங்குதோறும் ஒலிக்கும் குரல் தவறவிடுவது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். மறையூர் முனியறைகளைச் சுற்றி வேலியிடலாம்; கல் நிற்கும். உருவாரத்துக்கு வேலி பொருந்தாது. அது உடைவதற்கென்றே செய்யப்படுவது. உடைவதால்தான் ஆண்டுதோறும் குயவரின் சக்கரம் சுழல்கிறது, சூளை எரிகிறது, மகன் தந்தையின் கைப்பக்குவத்தைப் பார்த்துப் பழகுகிறான். ஓர் உருவத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டு மரபைக் காத்துவிட்டதாக அறிவிப்பது, விதைநெல்லைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதற்கு நிகர்.

சிமெண்டுக் குதிரைகளைக் கண்டு ஆய்வாளர்கள் முகம் சுளிப்பதும் இந்தப் பிழையிலிருந்து பிறப்பதே. பக்தர்களின் ரசனை கெட்டுவிட்டது என்பது அவர்கள் வாதம். ரசனை அப்படியே இருக்கட்டும். கணக்கைப் பார்க்க வேண்டும். மண் புரவி சில மழைக்காலங்களில் சிதையும். ஊர் மீண்டும் வேளாரை நாடும். சிமெண்டுப் புரவி ஒருமுறை நின்றுவிட்டால், வண்ணம் பூசுபவரைத் தவிர வேறு எவரும் ஒரு தலைமுறைக்குத் தேவையில்லை. நிலைத்து நிற்கும் பொருளே உயர்ந்தது என்னும் எண்ணத்தை ஊருக்குக் கற்பித்ததில் அருங்காட்சியக மனப்பான்மைக்கும் பங்குண்டு.

வங்கத்தின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. பாங்குரா மாவட்டத்துப் பஞ்சமுரா கிராமத்தின் கும்பகார்கள் செய்யும் நெடுங்கழுத்துக் குதிரை, முதலில் தர்மதாகூருக்கும் மனசாதேவிக்கும் நேர்ந்து வைக்கப்பட்டது. பின்னர் அது அகில இந்தியக் கைவினை வாரியத்தின் சின்னமாயிற்று; வரவேற்பறை மேசைகளில் ஏறிற்று; 2018-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அந்தக் குடும்பங்கள் பிழைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் சந்தைக்குச் சென்ற குதிரை வாங்குவோரின் மேசையளவுக்குச் சுருங்கியது; அதன் அளவையும் வண்ணத்தையும் இனித் தீர்மானிப்பவர் நேர்த்திக்கடன் உள்ளவர் அல்லர்.

பாலக்காட்டுக்கு வடக்கே நிலம்பூரை அடுத்த அருவாக்கோட்டிலும் இதையொத்த கதை உண்டு. அலுமினியமும் எவர்சில்வரும் அடுக்களையில் நுழைந்தபின் வறுமையில் வீழ்ந்த கும்பாரர் குடியிருப்பில், 1990-களில் வடிவமைப்பாளர் கே.பி. ஜினன் முன்னெடுத்த 'கும்பம்' முயற்சி சுடுமண் சுவர்ச்சிற்பங்களுக்கு வழிகாட்டியது. பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட அம்முயற்சியை இழிவாகப் பேசலாகாது. அதையே ஒரே தீர்வாக எல்லா ஊர்களுக்கும் பரிந்துரைப்பதுதான் தவறு. சோமவாரப்பட்டிக்கு வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தேய்ந்து வருவது மண்.

மதுரை, சிவகங்கை வட்டாரங்களின் புரவியெடுப்பில் முதற்சடங்கு பிடிமண் கொடுத்தல். ஊரார் தம் ஊர் மண்ணில் ஒரு பிடியை எடுத்து வேளாரிடம் முறைப்படி ஒப்படைப்பார்கள். அதைத் தம் களிமண்ணோடு கலந்தே அவர் வேலையைத் தொடங்குவார். ஊரின் மண்மேல் கைவினைஞருக்குள்ள உரிமையை ஊரே அறிந்து ஏற்பதன் அடையாளமாகவும் இச்சடங்கைப் படிக்கலாம். இன்று குளமும் அதன் மண்ணும் அரசின் கையில் உள்ளன. ஆகவே பிடிமண் தரும் கடமையும் அரசுக்கு வந்துவிட்டது.

அக்கடமை எப்படி நிறைவேறுகிறது? கேரளத்தில் நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் காக்க 2008-இல் சட்டம் வந்தது. அதன் நோக்கத்தில் குறை காண இடமில்லை. எனினும், களிமண்ணுக்கான அனுமதி நடைமுறையில் செங்கல் சூளையின் லாரியும் குயவரின் கூடையும் ஒன்றாக எண்ணப்படக் கூடாது. தமிழ்நாட்டில் உழவரும் மண்பாண்டத் தொழிலாளரும் நீர்நிலைகளில் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி அளிக்கலாம் என்று 2024-இல் விதி தளர்த்தப்பட்டது. நல்ல திருத்தம். ஆனால் அரசு பட்டியலிடும் குளம் ஒன்றாகவும், உருவாரத்துக்கு ஏற்ற பசையுள்ள களி கிடக்கும் குளம் வேறாகவும் இருந்தால் அந்த ஆணையால் பயன் என்ன? எந்த மண் விரியாமல் வேகும் என்பது குயவருக்குத் தெரியும். பட்டியல் எழுதுபவர் அவரைக் கேட்க வேண்டும்.

குலத்தொழிலைக் காப்பது சாதியைக் காப்பதாகாதா என்ற எதிர்வாதம் வலுவானது. 1953-இன் கல்வித் திட்டத்தை எதிர்த்து வீழ்த்திய நாட்டில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2023-இல் வந்த ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு மறுத்ததும், சாதி அடிப்படையற்ற கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் அந்த நினைவின் தொடர்ச்சியே. குயவர் மகன் பொறியாளராவதற்கு மரபின் பெயரால் எவரும் தடை போடலாகாது. குயவர் அல்லாத பெண் ஒருத்தி சக்கரத்தில் அமர விரும்பினால் அவளுக்கும் இடம் வேண்டும். இருப்பினும், தொழிற்கடனை முதன்மை உதவியாகக் கருதும் போக்கு இரு அரசுகளுக்கும் பொது. மூன்று நாள் விழாவை நம்பி உருவாரம் செய்பவருக்குக் கடன் பெரும்பாலும் வட்டியாகவே மிஞ்சும். அவருக்கு வேண்டியது மண், விறகு, உலர்த்த நிழல்.

புரவியின் உயரத்தையும் அணிகளையும் அளந்து எழுதிய ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. களிமண் எந்தக் குளத்திலிருந்து வந்தது, எத்தனை வண்டி, எவர் ஒப்புதலோடு, விறகுக்கு என்ன செலவு, கூலி எவ்வளவு நாள் கழித்துக் கைக்கு வந்தது என்ற கேள்விகளுக்கு அவற்றில் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படுவது அரிது. நாட்டார் வழக்காற்றியல் துறைகள் இந்தப் பதிவை வட்டாரந்தோறும் தொடங்கினால், வட்டாட்சியரின் மேசையில் வைக்க ஓர் ஆவணமாவது இருக்கும். காலமும் கணக்கில் கொள்ளத்தக்கது. ஐப்பசி மழையில் குளம் நிறைந்தபின் மண் வெட்ட இயலாது. மார்கழி ஈரத்தில் உருவங்கள் எளிதில் உலராது, சூளையும் சரியாக வேகாது. ஆடிக்குள் கிடைக்காத அனுமதி அந்தத் தைக்கு உதவாது.