பதிவுக் கருவியின் திரையில் தமிழ்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. ஆனால் ஜூரோங் தீவிலும் துவாஸிலும் உள்ள ஆலைகளில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் இரவெல்லாம் பதிவுசெய்யும் கருவிகளின் திரையில் நான் இதுவரை தமிழைக் கண்டதில்லை. சீனமும் ஜப்பானியமும் ஜெர்மனும் பல கருவிகளில் உண்டு.

அங்கே வேலை பார்க்கும் தமிழ் ஊழியர்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் போதாதா என்பார்கள். போதாது. முன்பு இந்தக் கருவிகளில் பேனா தாளில் கோடு இழுத்தது. பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. இன்றைய தொடுதிரையில் எல்லாமே மெனுவுக்குள் மெனு. திரையின் அளவுகோல் 0 முதல் 500 டிகிரி வரை என்று வைக்கப்பட்டிருந்தால், 5 டிகிரி ஏற்றம் அதில் நூற்றில் ஒரு பங்குதான். கோடு நேராகவே ஓடுவதுபோல் தெரியும். பதிவு இடைவெளி 1 நிமிடம் என்றால், பத்தே வினாடியில் எகிறித் தணிந்த அழுத்தம் பதிவிலேயே இல்லாமல் போகலாம். அலாரத்தை ஏற்கும் பொத்தானை அழுத்தினால் சத்தம் நிற்கும், கோளாறு நிற்காது. இந்த ஒன்றைப் புரியாமல் அழுத்தும் கைதான் எனக்குப் பெரிய கவலை.

மனிதவள அமைச்சு பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. அந்த அக்கறை கருவியின் முகப்புக்கும் வர வேண்டும். தயாரிப்பாளர்கள் மெனுவை மாற்றும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அலாரத்தை ஏற்பது, அளவுகோலை மாற்றுவது, பழைய பதிவைத் தேடுவது ஆகியவற்றைத் திரையின் படத்தோடு தமிழில் ஓர் அட்டையில் அச்சிட்டுக் கருவியின் பக்கத்தில் ஒட்டலாம். அதை எழுதும்போது இரவு வேலை பார்க்கும் ஊழியர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் தடுமாறுகிறோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.