கோப்பை கழுவுவது யார்?

கோப்பை கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்குவது பற்றிய பேச்சு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் எழுமாயின், அது பெரும்பாலும் விலையிலே தொடங்கி ஒழுக்கத்திலே போய் முடிகின்றது. அம்மிக்கும் உரலுக்கும் சலியாத பெண்கள் வாழ்ந்த குலத்தில் நாலு கோப்பை கழுவுவதற்கும் ஓர் இயந்திரமா என்று முதியவர் வினவுவார். அந்நியச் செலாவணியை விழுங்கும் ஆடம்பரம் அது என்று முற்போக்காளர் என அறியப்பட்ட மற்றொருவர் எடுத்துரைப்பார். இருவரும் உண்டெழுந்த கோப்பைகளை அவ்வேளையிற் குசினியில் மூன்றாமொருவர் கழுவிக்கொண்டிருப்பார். அம்மூன்றாமவரை விவாதத்துக்கு அழைப்பார் எவருமிலர்.

இவ்வியந்திரத்தின் வரலாறே இம்மறைப்பைக் காட்டிக்கொடுக்கின்றது. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலே ஜோசபின் கொக்ரேன் என்னும் செல்வப் பெண்மணி 1886ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் தாமே கோப்பை கழுவிக் களைத்தமையால் அதனை உருவாக்கினாரல்லர். தம் வீட்டு வேலையாட்களின் கையில் விலையுயர்ந்த பீங்கான்கள் உடைந்தமையே காரணம் என்று கூறப்படுகின்றது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவ்வியந்திரம் புகழ் பெற்றது. அதனை விரும்பி வாங்கியவை ஹோட்டல்களும் உணவகங்களுமே. வீடுகள் வாங்கவில்லை. உணவகத்தில் கழுவுவோருக்குக் கூலி கொடுக்கவேண்டும்; ஆதலின் அங்கே இயந்திரம் இலாபமாயிற்று. வீட்டிலோ மனைவியின் உழைப்புக்குக் கணக்கில்லை; கணக்கில்லாத உழைப்பை மிச்சப்படுத்துவதற்குப் பணம் செலவிட எவருக்கும் மனம் வரவில்லை. ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின்னர் கொழும்பிலே கேட்கும் வாதங்களும் இக்கணக்கின் மறுபதிப்புகளே.

கோப்பை கழுவுதல் என்னுந் தொடருக்கு ஈழத்தமிழர் மத்தியிலே தனியொரு வரலாறு உண்டு. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின் பின்னர் பாரிசுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் ஜேர்மனிக்கும் ஏதிலிகளாகச் சென்ற இளைஞர் பலருக்கு முதலிற் கிட்டிய தொழில் உணவகக் குசினியிற் கோப்பை கழுவுவதாகும். கொக்ரேனின் இயந்திரத்தினது வாரிசுகளின் முன்னால் நின்று, எச்சிலைச் சுரண்டி, தட்டுகளை அடுக்கி, மூடியை இழுத்து, இரண்டொரு நிமிடத்தில் ஆவி கிளம்பத் திறந்து, மீண்டும் அடுக்கி நள்ளிரவு வரை நின்றார்கள். பட்டதாரியும் ஆசிரியரும் அவர்களுள் இருந்தனர். அவ்வாறு உழைத்து அனுப்பிய காசு யாழ்ப்பாணத்துத் தங்கையரின் சீதனமாயிற்று; பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எழுந்த தொடர்மாடிகளில் வீடுகளாயிற்று. கோப்பை கழுவிய கையின் வலி அச்சமூகத்துக்குப் புதிதன்று. அங்ஙனமிருக்க, அக்காசில் வாங்கிய வீட்டின் குசினியிலே மலையகத்துத் தோட்ட லயனிலிருந்து வந்த ஒருத்தி அதே வேலையைச் செய்கின்றபோது, அது வேலையாகவே தென்படாமற் போவது எவ்வாறு? பாரிசிற் கழுவியவருக்கு மணிக்கணக்கும் கூலிக்கணக்கும் உண்டு. வெள்ளவத்தையிற் கழுவுபவளுக்கு எழும்பும் நேரமுமில்லை, படுக்கும் நேரமுமில்லை. "வீட்டுப் பிள்ளை போலத்தான் வைத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டால் போதும். ஓய்வுநாள் பற்றிய கேள்வி அத்துடன் அடங்கிவிடும். வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் செல்கின்றாள் என்பதும், வீட்டுப் பிள்ளை போன்றவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதும் அக்கூற்றிலே மறைந்துபோகின்றன.

சட்டமும் இம்மனப்பாங்குக்குத் துணைநின்றே வந்துள்ளது. 1871ஆம் ஆண்டின் வீட்டு வேலைக்காரர் பதிவுக் கட்டளைச் சட்டம், வேலைக்காரரின் நடத்தையைப் பதிவேட்டிற் குறித்துவைப்பதிற் காட்டிய அக்கறையை அவரது ஊதியத்திற் காட்டவில்லை. 1941இல் வந்த சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் எத்தனையோ தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை வகுக்க உதவியபோதும், வீட்டுவேலை நெடுங்காலம் அதன் புறத்தேயே நின்றது. வீட்டுப் பணியாளருக்கான சமவாயத்தைச் சர்வதேசத் தொழில் நிறுவனம் 2011இல் நிறைவேற்றியது. பத்தாண்டு கழிந்த பின்னரும் இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தியிருக்கவில்லை. 2021ஆம் ஆண்டு யூலையிலே, டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்கு வந்த பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். சில வாரங்கள் நாடெங்கும் கண்டனங் கேட்டது. கண்டித்தவர் வீடுகளிற் சிலவற்றிலும் அப்போது கோப்பைகளைக் கழுவியவர்கள் அவளையொத்த வயதினரே என்பதைச் சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

இனி, அந்நியச் செலாவணி வாதம். 2022ஆம் ஆண்டில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்ததும், டொலரின் பெறுமதி சில வாரங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதும், மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதும், ஆகஸ்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்வகைகளின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதும் மறக்கக்கூடியனவல்ல. மின்கட்டணம் அவ்வாகஸ்டிலே சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. எனவே இவ்வாதம் பொய்யன்று. ஆனால் அது எப்பொருளின் மீது பாய்கின்றது என்பதே நோக்கத்தக்கது. வரவேற்பறையின் பெரிய தொலைக்காட்சியும் படுக்கையறையின் குளிரூட்டியும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. அவற்றை வாங்கும்போது நாட்டின் கையிருப்பை எவரும் நினைப்பதில்லை. குசினியின் வாசற்படியிலேதான் தேசப்பற்று விழித்துக்கொள்கின்றது.

இவ்வளவுங் கொண்டு இயந்திரம் ஒரு மீட்பர் எனக் கருதுவதும் பேதைமையே. அது மேலைநாட்டுத் தட்டையான தட்டுக்காகவும் கிண்ணத்துக்காகவும் வார்க்கப்பட்டது. அலுமினியச் சட்டி அதன் காரமிக்க சலவைத் தூளிற் கறுத்துப்போகும். மண்சட்டி அத்தூளை உறிஞ்சிக்கொள்ளும். சிரட்டை அகப்பை வெடிக்கும். மஞ்சட்கறை பிளாஸ்ரிக்கை விட்டுப் போகாது. சோற்றுப்பசை காய்ந்த பானையை எவ்வாறாயினும் கையால் உரசவேண்டும். உள்ளே உப்பிடும் அறை நீரின் கடினத்தன்மையைப் போக்குவதற்கானது. சுண்ணக்கற் பாறையூடாக வரும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீருக்கு அது இன்றியமையாதது, களனியாற்று நீரை அருந்தும் கொழும்புக்கோ அத்தனை தேவையில்லை. இதனை விளக்கி விற்கும் கடைகள் அருமை. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள், ஒரு பொதுக்குழாயைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு இப்பேச்சு முழுவதும் வேற்றுலகப் பேச்சாகவே இருக்கும். எனினும் பன்னிரண்டு பேரின் கோப்பைகளைப் பத்துப்பன்னிரண்டு லீற்றர் நீரிற் கழுவி முடிக்கும் கருவியை வீண்விரயம் என்பார், திறந்துவிட்ட குழாயின் கீழ் ஓடும் நீரை ஒருதரம் வாளியிற் பிடித்து அளந்துபார்க்கட்டும்.

இயந்திரத்தின் மீது சாட்டத்தக்க உண்மையான குற்றம் வேறொன்று: அதனைத் திருத்தவிடாது செய்துள்ளமை. நாலைந்து ஆண்டில் ஒருநாள் அது அசையாது நின்றுவிடும். அடியில் நீரேற்றும் ஓசை மட்டும் ஓயாது கேட்கும். பெரும்பாலும் நடந்தது இதுவே: கதவின் இறப்பர் விளிம்போ குழாய்ப் பொருத்தோ தளர்ந்து சிறிது நீர் அடித்தட்டில் இறங்கியிருக்கும், அங்குள்ள மிதவை உயர்ந்து, வெள்ளம் பெருகாதபடி உள்வரும் நீரை அடைத்திருக்கும். நீரை வடித்து, அற்பவிலை இறப்பரை மாற்றினால் இயந்திரம் ஓடும். ஆனால் முகவர் நிலையத்தில் இருந்து வருபவர் மின்சுற்றுப் பலகையையே மாற்றவேண்டும் என்பார், அதன் விலையைச் சொல்வார், அவ்விலைக்குச் சற்று மேலே போட்டாற் புதியதே வாங்கலாம் என்றும் சேர்த்துச் சொல்வார். சூடாக்கியையும் சுற்றோட்டப் பம்பியையும் ஒரே உறுப்பாக வார்த்து, ஒன்று பழுதானால் இரண்டையும் எறியவைக்கும் அமைப்பு அண்மைக்கால மாதிரிகள் பலவற்றில் உண்டு.

இந்நகரம் திருத்துதலை அறியாத நகரமன்று. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதி அடைபட்டிருந்த காலத்திலே வானொலியையும் தையலியந்திரத்தையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் திருத்தித் திருத்தியே மக்கள் வாழ்ந்தனர். பஞ்சிகாவத்தைக்குச் சென்றால் வழக்கொழிந்த மோட்டார் வாகனத்துக்கும் உதிரிப்பாகம் தேடியெடுத்துக் கொடுப்பார்கள். ஆயினும் உற்பத்தியாளர் உதிரியைத் தனியே விற்க மறுத்தால் அக்கைவண்ணம் என்ன செய்யும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சு முதல், இவ்வகை இயந்திரங்களின் உதிரிப்பாகங்களை, உறுப்புக்கேற்ப ஏழு அல்லது பத்து ஆண்டுகள் வரை கிடைக்கச் செய்தல் கட்டாயமாயிற்று. அதே கம்பனிகளின் அதே இயந்திரங்களைக் கொழும்பில் வாங்குபவர் மட்டும் அவ்வுரிமைக்கு அருகதையற்றவராவது எவ்வாறு? இறக்குமதி அனுமதியோடு உதிரிப்பாக வழங்கலையும் நிபந்தனையாக்கினால் அந்நியச் செலாவணியும் மிஞ்சும், திருத்துநருக்கு வேலையும் கிடைக்கும். ஆடம்பரம் என்று ஓலமிட்டவர்களுள் இக்கோரிக்கையை முன்வைத்தவர் அரியர்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழுந்துள்ள தொடர்மாடிகளின் வரைபடங்களை எடுத்துப் பார்க்கலாம். அவற்றுட் பலவற்றிற் குசினியை ஒட்டி, யன்னலற்ற ஒரு சிற்றறையும் ஒடுங்கிய மலசலகூடமும் வேலைக்காரருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். கோப்பை கழுவும் இயந்திரத்துக்கான நீர்க்குழாயும் வடிகாலும் அவ்வரைபடங்களில் அரிதாகவே காணப்படும். இயந்திரத்துக்கு வேண்டியது இரண்டடி இடமே. கட்டடக்காரர் அதனிலும் பெரிய இடத்தை ஒரு பெண்ணின் படுக்கைக்கு விட்டுக்கொடுத்திருக்கின்றார். வாங்குவோர் கேட்பது இதுவே என்பது அவர் தொழிலனுபவம்.