பத்தொன்பதுக்குச் சல்லிக்காசு இல்லையாம்

பென்ஷன் கேட்டால் நான் திடகாத்திரமானவன். வேலை கேட்டால் நொண்டி. இரண்டையும் என் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்கள். எது உண்மையோ அதன்படி எனக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்றுதானே கேட்கிறேன்!

பட்டாளத்தில் சேர்ந்தபோது என் உடம்பில் ஒரு குறை கிடையாது. பனிமலையில் சுமையோடு ஏறி இறங்கி முட்டு தேய்ந்தது. 2016-இல் வெளியே வரும்போது மருத்துவ வாரியம் எழுதியது: ஊனம் 15-19 சதவீதம், ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை. பிறகு எதனால் வந்ததாம்? சேரன்மகாதேவியில் பிறந்ததாலா? சேரும்போது குறித்து வைக்காத நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் என் தாளில் இப்படி எழுத அவர்களுக்குக் கை வந்ததே!

பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டு 20 என்று போட்டிருந்தால், ராம் அவதார் வழக்கின் 2014 தீர்ப்புப்படி அதை 50 ஆகக் கணக்கிட்டு ஊனத்தொகை தந்திருப்பார்கள். 19-க்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு சதவீதத்தை எதை வைத்து அளந்தீர்கள் ஐயா?

வேலைக்குப் போகாமலா இருந்தேன்? வங்கி வாசலுக்குக் காவலாள் அனுப்புகிறவர் சொன்னார்: “அண்ணாச்சி, பன்னெண்டு மணி நேரம் நிக்கணும். ஒங்க முட்டு தாங்காதுல்லா?” சரி, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் கேட்கலாம் என்றால், 2016 சட்டம் 40 சதவீதம் கேட்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற துண்டு வயலில் பிசான நடவுக்குக் குனிய முடியவில்லை. கூலி கொடுத்து ஆள்விட்டால் வைக்கோல்தான் மிச்சம். வீட்டுக்காரி மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள். அடுப்பு அதில்தான் எரிகிறது. சம்பாதிக்க வேண்டிய ஆம்பிளை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் முன்னாள் சிப்பாயின் பணிப் பாதிப்பு ஒன்றே 60 சதவீதமாக இருந்து, அதனால் நிலையான வேலை பார்க்க முடியாது என்று காட்டினால், 100 சதவீதத்துக்கான தொகையையே கொடுக்கிறார்கள். என் 19 அங்கேயும் எட்டாது, தெரியும். ஆனால் இந்த மனுஷனால் உழைத்துச் சாப்பிட முடியுமா என்று அங்கே ஒரு விதியாவது கேட்கிறது. இங்கே முட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். என் பிழைப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வழக்குப் போடு என்கிறார்கள். அதற்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரியெல்லாம் காலை நீட்ட இடமில்லாமல் சென்னையில் இருக்கிற ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தீர்ப்பாயத்தில் ஜெயித்தவனையும் விட்டார்களா? அப்படி ஜெயித்தவர்கள்மேல் ஒன்றிய அரசு போட்ட மனுக்கள் ஏறத்தாழ 300-ஐ டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது, சிப்பாய்க்குக் கொடுக்க இல்லையா?

எனக்கு மறுபடி ஒரு வாரியம் கூட்டுங்கள். குளிரூட்டிய அறையில் வேண்டாம். பிசான நடவு சமயத்தில் சேரன்மகாதேவிக்கு வாருங்கள். என்னை வயலில் இறக்கி, ஒரு பாத்தி நடச் சொல்லிப் பார்த்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள்.