பாவம், மோடம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அது வீட்டுக்கு வந்த வழி என்னவோ பழைய தொலைபேசிக் கம்பிதான். பேச்சுக்காகப் போட்ட இணைப்பு. சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குத்தான் அதில் இடம். கம்ப்யூட்டரின் தகவலை அந்த இடுக்கில் திணிக்கும் வேலை மோடமுடையது. இணைப்பு அறுந்தால் பழியும் அதற்குத்தான்.

பழி பெரும்பாலும் அநியாயமானது. ‘டயல் டோன் இல்லை’ என்று திரையில் வந்ததும் புது மோடம் வாங்க டெல்லி நேரு பிளேசுக்கும் மும்பை லாமிங்டன் ரோடுக்கும் ஓடியவர்கள் உண்டு. அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகளின் கலவை. இந்திய டோன் 400 ஹெர்ட்ஸ், 25 ஹெர்ட்ஸில் அதிர்வது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த மோடமுக்கு இது புரியாமல் போவதில் வியப்பில்லை. ‘ஏடிஎக்ஸ்3’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும். செலவு, பூஜ்யம். எக்ஸ்சேஞ்ச் பழையதென்றால் டோனுக்குப் பதில் பல்ஸ் முறையில் டயல் செய்யச் சொல்ல வேண்டும்.

டயல் ஆகிறது, மறுமுனை எடுக்கிறது, கிறீச்சிடுகிறது, பிறகு அறுந்துபோகிறது என்றால் விஷயம் வேறு. மறுமுனை எடுத்ததுமே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். ஆக, தோற்ற ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு காலுக்கான காசு. இங்கே முதல் வைத்தியம், மோடமைக் கழற்றிவிட்டு அதே இணைப்பில் சாதாரண போனை மாட்டிக் கேட்பது. கரகரவென்றால் குற்றவாளி கம்பி: மழைநீர் புகுந்த ஜாயின்ட், துருவேறிய முனை. பக்கத்து அறையில் இருக்கும் இணை போனையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். யாராவது அதை எடுத்தாலே கதை முடிந்தது. அப்புறம் வேகத்தைக் குறைப்பது. ஐந்து நிமிடத்துக்கொரு முறை அறுந்துபோகும் 28,800-ஐவிட நிலைத்து நிற்கும் 9,600 மேல்.

லைன்மேனிடம் ‘இன்டர்நெட் வரவில்லை’ என்று புகார் சொல்வது வீண். ‘பேசும்போதே கரகரக்கிறது’ என்றால் அது அவர் வேலை, தட்டிக்கழிக்க முடியாது.

மோடம் நிஜமாகவே செத்துப்போவது இடி மின்னலின்போது. கம்ப்யூட்டரின் மின்சார பிளக்கைக் கவனமாகப் பிடுங்கிவைத்தவர்கள் தொலைபேசிக் கம்பியை அப்படியே விட்டுவிட்டார்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.