முகத்து முடியும் மருந்துக் களிம்பும்

 

மேலுதட்டிலும் தாடையிலும் கறுத்துத் தடித்த முடி முளைப்பது, பல இல்லங்களில் தாயும் மகளும் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் செய்தியாகவே இருந்துவிடுகிறது. அறந்தாங்கியானாலும் மீமிசலானாலும், பெண் பார்க்க வரும் நாள் நெருங்கிய பிறகே மருந்துக்கடைக்கு ஆள் போகிறது. கடையில் கொடுத்ததையோ, சபரிலிருந்து வந்த பெட்டியில் கிடந்த 'சிவப்பழகு' கிரீமையோ அந்தப் பிள்ளை பூசிக்கொள்கிறாள். இத்தகைய கிரீம்கள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அதை மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலியும், சிவந்து எரியும், பரு கிளம்பும். புதிதாக முடியும் முளைக்கும்! எதைப் போக்க வாங்கினோமோ அதையே காசு கொடுத்து வளர்க்கிறோம். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று அறிவித்தது இதுபோன்ற கேடுகளால்தான்.

முகமுடிக்கென்றே உள்ள களிம்பின் பெயர் எஃப்ளோர்னிதின். ஆப்பிரிக்காவின் தூக்க நோய்க்கு ஊசி மருந்தாக உயிர் காத்தது அது. வாங்குவோர் ஏழைகள், ஆகவே 1990-களின் நடுவில் தயாரிப்பு நின்றது. 2000-இல் அதுவே முகக் களிம்பாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் ஏழை நோயாளிக்கு அந்த ஊசி மீண்டும் வழங்கப்பட்டது. உலகின் போக்கைப் பாருங்கள்!

இக்களிம்பு முடியைக் களையாது. வேரிலுள்ள ஒரு நொதியை அடக்கி வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. எனவே வழக்கம்போல் முடியை நீக்கி, ஐந்து நிமிடம் கழித்துப் பூச வேண்டும். பலன் தெரிய இரண்டு மாதம் வரை ஆகலாம். 24 வாரச் சோதனையில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே தெளிவான முன்னேற்றம் கிடைத்தது. நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பழைய நிலை திரும்பும். அடுத்த மாதத் திருமணத்திற்கு இதை நம்பிப் பயனில்லை. கருவுற்றிருப்போர் தவிர்க்க வேண்டும்.

நாளைக்கு இரு முறை, எட்டு மணி நேர இடைவெளியில் பூசி, நான்கு மணி நேரம் முகம் கழுவாதிருக்க வேண்டும். ஐவேளை ஒளூச் செய்யும் நமக்கு இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். இஷா தொழுது ஒன்பது மணிக்கு ஒரு முறை, பஜ்ரு தொழுத பின் ஒரு முறை பூசுங்கள். லுஹர் வரை தாராளமாக நேரமிருக்கிறது.

இது கூடுமா என்ற தயக்கமும் சிலருக்கு உண்டு. பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதை நீக்குவது ஹராமன்று, விரும்பத்தக்கதே என்று இமாம் நவவீ (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் எழுதியுள்ளார்கள். புருவத்தைப் பறிப்பது பற்றிய தடையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முடியுடன் மாதவிலக்கும் தவறினால், சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கக்கூடும். அதற்குக் களிம்பு மருந்தாகாது. 'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்று மூடி வைக்காமல், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெண் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். முன்பு பூசிய கிரீமின் குழாயையும் கையோடு கொண்டு போங்கள். சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகி, குரலும் தடித்தால், அந்த வாரமே போக வேண்டும்.