நோயறைச் சன்னலும் நீர்க்கரை ஒளியும்

நோயாளி படுத்திருக்கும் வீட்டில் ஒருவர் தூரிகையைக் கையில் எடுத்தால், அது பொருந்தாச் செயலாகவே பலருக்கும் தோன்றுகிறது. மருந்து வேளைகளும் பரிசோதனை முடிவுகளும் பணக் கவலையும் நிறைந்த நாள்களில் குளக்கரையைப் பார்த்து வரைவதற்கு ஏது மனம் என்று கேட்கிறார்கள். உடனிருந்து பேணுபவர் அரை மணி நேரம் விலகி அமர்ந்தாலும் உறவினர் முகம் சுளிக்கின்றனர். அவருடைய மனச்சான்றும் அவரைக் குத்துகிறது. இந்தக் குற்றவுணர்வு வேண்டாதது என்பதே என் கருத்து. கண்முன் உள்ள எளிய இடத்தை, அன்றைய ஒளியில் உள்ளது உள்ளபடி வரைவது, நோயோடு வாழும் நாள்களைத் தாங்குவதற்கான நல்ல பயிற்சி.

இங்கிலாந்தின் இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் (1776–1837) வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. ஆலை உரிமையாளரின் மகனாகச் சஃபக் பகுதியின் ஆற்றோரத்தில் வளர்ந்த அவருக்கு, மாவாலைகளும் படகுகளும் கால்வாய் மதகுகளும் உளுத்த மரத்தூண்களுமே உவப்பான காட்சிகள். 1816இல் அவர் மணந்த மரியா, உடல்நலம் குன்றி, நாளடைவில் காசநோய்க்கு ஆளானவர். மனைவிக்கு நல்ல காற்று வேண்டுமென்று, 1819 முதல் இலண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டுநிலத்தில் வீடு எடுத்துக் குடும்பத்தைத் தங்கவைத்தார். 1824 முதல் கடற்காற்றை நாடிப் பிரைட்டன் நகருக்கும் அழைத்துச் சென்றார்.

ஹாம்ஸ்டெட்டில் பிராஞ்ச் ஹில் என்னுமிடத்தில் அக்காலத்தில் ஒரு சிறு குளம் இருந்தது. சரிந்த மண்கரை, மேட்டின் விளிம்பில் தெரியும் வீடு, மேலே அகன்ற வானம் ஆகியவையே அங்குள்ள காட்சி. கான்ஸ்டபிள் அதனைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1821, 1822ஆம் ஆண்டுகளில் அங்கிருந்தபடியே வானத்தை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் பலமுறை தீட்டினார். அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். நோயாளியின் கட்டில் முனையில் தொங்கும் குறிப்பட்டையைப் பார்த்துப் பழகிய நமக்கு இக்குறிப்புகள் அன்னியமானவை அல்ல. இந்த நாளில், இந்த மணியில், நிலை இது என்று எழுதிவைக்கும் கவனம் இரண்டிலும் ஒன்றே. மரியா 1828 நவம்பரில் ஏழு குழந்தைகளை விட்டு மறைந்தார். ஓவியம் அவரைக் காப்பாற்றவில்லை; ஆனால் அந்த ஆண்டுகளில் கான்ஸ்டபிள் அதனைக் கைவிடவும் இல்லை.

அழகிய கற்பனைச் சோலையைத் தீட்டுவதைவிட, எளிய இடத்தை மெய்யாகத் தீட்டுவதை நான் ஏன் பரிந்துரைக்கிறேன்? நோய் நம் மனத்தை எப்போதும் நாளைக்கு இழுத்துச் செல்கிறது: அடுத்த பரிசோதனை என்ன சொல்லுமோ, அடுத்த மாதம் எப்படியிருக்குமோ என்று. ஒளியைப் பார்த்து வரைபவர் அவ்வாறு விலகிச் செல்ல இயலாது. படித்துறையின் நிழல் ஒரு மணி நேரத்தில் இடம் மாறிவிடும். சுவரின் காலை மஞ்சள், நண்பகலுக்குள் வெளிறிவிடும். இப்போது தெரிவதை இப்போதே பார்த்தாக வேண்டும். மேலும், நீண்ட நோயில் மனிதர் ஏங்குவது பெரும்பாலும் சின்னஞ்சிறு வழக்கங்களுக்குத்தான்: தெருமுனைத் தேநீர்க் கடை, கொடியில் உலரும் துணி, மாலை வெயில் விழும் திண்ணை. அவற்றை வரைபவர் தம் அன்றாட வாழ்க்கையை, அதன் நிறத்தோடும் நிழலோடும், சிறிதளவு மீட்டுக்கொள்கிறார்.

சுவிட்சர்லாந்தின் ஓவியர் ஃபெர்டினாண்ட் ஹோட்லர் (1853–1918) பேணுபவராகவும் நோயாளியாகவும் இருந்தவர். அவருடைய துணைவி வாலண்டைன் கோடே-தாரெல் புற்றுநோயால் துன்புற்று 1915 ஜனவரியில் இறந்தார். அந்நோய்க் காலம் முழுவதும் கட்டிலருகே அமர்ந்து அவரை நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் பதிவுசெய்தார் ஹோட்லர். நோயாளியின் முகத்தைப் பார்த்த அதே கண்களால் ஜெனீவா ஏரியின் அந்தி ஒளியையும் பார்த்து வரைந்தார். 1918இல் அவரே உடல் தளர்ந்து வெளியே செல்ல இயலாமற்போனபோது, ஏரியை நோக்கிய தம் குடியிருப்பிலிருந்தே நீரையும் எதிர்க்கரையையும் மோன் பிளாங்க் மலைத்தொடரையும் விடியலின் வெவ்வேறு நிறங்களில் தீட்டினார். அதே ஆண்டு மே மாதம் இறக்கும் வரை அவருக்கு அந்தக் காட்சியே போதுமானதாயிருந்தது.

இதனால் நோய் தீருமா என்று கேட்டால், தீராது என்பதே நேர்மையான விடை. மருந்தின் இடத்தை ஓவியம் எடுத்துக்கொள்ளவும் கூடாது. எனினும் நோயாளி எதைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்பது பொருட்படுத்தத் தக்கது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரைப் பற்றிய ஆய்வை ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆய்வு சிறியது, அதனை அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை. ஆயினும் சன்னலோரக் கட்டிலைக் கேட்பது ஆடம்பரம் அன்று என்று சொல்ல அது போதும்.

ஆகவே குடும்பத்தாரிடம் ஒன்று வேண்டுகிறேன்: உடனிருந்து பேணுபவருக்கு நாளில் அரை மணி நேரத்தை நீங்களே முன்வந்து அளியுங்கள். அவர் கேட்கும் வரை காத்திராதீர்கள். மருத்துவமனை நிருவாகத்தினரிடம் மற்றொன்று: காத்திருப்புக் கூடங்களில் ஆறுதல் வாசகப் பலகைகளோடு, அருகிலுள்ள ஏரிக்கரையையும் படகுத்துறையையும் பழைய வீடுகளையும் காட்டும் மெய்யான ஓவியங்களையும் மாட்டுங்கள்.

தொடங்க விரும்புவோருக்குச் சிறிய நீர்வண்ணப் பெட்டி, தடித்த தாள், ஒரு தூரிகை போதும். எண்ணெய் வண்ணத்தின் கரைப்பான் நெடி நோயறைக்கு ஏற்றதன்று. தூரிகையை வாயில் வைக்கலாகாது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நன்று. முதலில் நிழல்களின் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவையே விரைவில் மாறுபவை. வெயில் விழும் இடத்தில் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடுங்கள். நீர் தெரிந்தால், கரையிலுள்ள இருண்ட பொருள் நீரில் சற்று வெளிறியும், வெளிறிய பொருள் சற்று மங்கியும் தெரிவதைக் கவனியுங்கள். ஏரி தெரியாத சன்னலிலும் எதிர்மாடியின் நீர்த்தொட்டி தெரியும். அதன்மேலும் காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமும் விழுகின்றன.

படம் நன்றாக அமையாவிட்டாலும் குறையில்லை. பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். நோயின் கணக்கில் மட்டுமே எண்ணப்பட்ட நாள்களுள் ஒன்று, நீங்கள் கண்ட ஒளியின் பெயரிலும் பதிவாகியிருக்கும்.