அடுத்த பாகம் எப்போது வரும்?

ஜூன் மாதம் பிறந்தால் தென்காசி மக்கள் அடிக்கடி மேற்கே பார்ப்பார்கள். மலை உச்சியில் மேகம் இறங்கிவிட்டதா, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கிவிட்டதா, குற்றாலத்தில் சாரல் உண்டா என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். ஒரு வருடம் சாரல் முந்தும்; ஒரு வருடம் பிந்தும். ஆனாலும் இந்தக் காத்திருப்புக்கு ஆதாரம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆண்டுதோறும் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. அதை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

உலகில் வேறொரு கூட்டத்தாரும் காத்திருக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் அடுத்த பாகத்தை. மாணவ நண்பர்களே, உங்களில் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒரு விளையாட்டுக்காகக் காத்திருக்கலாம். இந்தக் காத்திருப்பைப் பற்றி உங்களிடம் ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அதைச் சொல்லக் குற்றாலமே பொருத்தமான இடம். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

ஆளில்லாத தீவு

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் சகோதரர்கள் 'மிஸ்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஜூல் வெர்ன் எழுதிய மர்மத் தீவு நாவலின் தலைப்பிலிருந்து பிறந்த பெயர் அது. விளையாடுபவர் ஒரு புத்தகத்தின்மேல் கை வைத்ததும் ஆளரவமற்ற தீவு ஒன்றில் போய் நிற்கிறார். சுட்டு வீழ்த்த எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, நேரக் கெடுவும் இல்லை. ஒரு நூலகமும் சில விசித்திரமான இயந்திரங்களுமே இருக்கின்றன. கண்டதைக் குறித்துக்கொண்டு, கேட்ட ஒலியை நினைவில் வைத்து, எந்த விசையைத் திருப்பினால் எது அசைகிறது என்று சோதித்துப் பார்த்துத் தாமே வழி கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பள்ளிப் பரிசோதனைச் சாலையில் நீங்கள் செய்யும் வேலையும் இதுதான் அல்லவா?

அக்காலக் கணிப்பொறிகளுக்கு இன்றைய வேகம் கிடையாது. எனவே ஏறத்தாழ 2500 அசையாப் படங்களைத் தயாரித்து ஒரு குறுந்தகட்டில் அடக்கினார்கள். விளையாட்டுப் பெட்டியோடு ஒன்றும் எழுதப்படாத குறிப்பேடு ஒன்றையும் தந்தார்கள். அந்த வெற்றுக் குறிப்பேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1997இல் இரண்டாம் பாகமான 'ரிவென்' வந்தது. 2001, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்கள் தொடர்ந்தன. ஐந்தாம் பாகத்தோடு கதை முடிக்கப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. 2024இல் 'ரிவென்' புதிய தொழில்நுட்பத்தில் மறுபடியும் செய்யப்பட்டு வெளிவந்தது. ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அது பழைய தீவுதான். ஆறாம் பாகத்தை இன்னும் எதிர்பார்ப்பவர்கள் உண்டு.

அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். இதுவரை காலடி படாத ஓர் இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அங்கே புலப்படாததைப் புலப்படுத்த வேண்டும் என்னும் ஆசை நல்ல ஆசை. விஞ்ஞானத்தின் ஊற்றுக்கண்ணே அதுதான். ஆனால் அந்த ஆசையை நிறைவேற்றும் பொறுப்பு முழுவதையும் ஏதோ ஒரு நாட்டிலுள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை நான் ஏற்கவில்லை. அந்த விளையாட்டின் வரலாறே என் பக்கம் சாட்சி சொல்கிறது.

ரசிகர்கள் கட்டிய உலகங்கள்

மில்லர் சகோதரர்களின் 'சயான்' நிறுவனம் 2003இல் 'உரு' என்ற கிளை விளையாட்டைக் கொண்டுவந்தது. பலர் ஒரே சமயத்தில் கணிப்பொறி வலையில் கூடிச் சுற்றிப் பார்க்கும்படி அதை அமைக்க முயன்றார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்கப்பட்டது, மறுபடியும் நின்றது. 2010இல் கட்டணமின்றித் திறந்துவிட்டார்கள். 2011இல் அதன் மூல நிரலையே வெளியிட்டார்கள். அதாவது, சமைத்த உணவோடு சமையல் குறிப்பையும் கொடுத்துவிட்டார்கள்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேண்டிய கருவிகளைத் தாமே உருவாக்கினார்கள். மலை, கட்டடம், இயந்திரம், ஒலி எல்லாவற்றையும் தாமே செய்து புதிய உலகங்களைக் கட்டினார்கள். அண்மை ஆண்டுகளில் அவற்றில் சில அந்த விளையாட்டிலேயே முறைப்படி சேர்க்கப்பட்டிருக்கின்றன. காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் இவ்வாறு கட்டுபவர்களாக மாறினார்கள்.

முதல் விளையாட்டு ஒரு வரைபடம்

இன்னும் பின்னோக்கிப் போவோம். இவ்வகை விளையாட்டுகளின் மூதாதை 1976இல் பரவிய 'அட்வென்ச்சர்'. அதை எழுதிய வில் கிரவுதர் ஒரு கணிப்பொறி வல்லுநர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். ஓய்வு நேரத்தில் அவர் குகைகளுக்குள் இறங்குவார். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை என்னும் பிரம்மாண்டமான குகைத் தொகுதி இருக்கிறது. இதுவரை 670 கிலோமீட்டருக்கும் அதிகமாக அளந்திருக்கிறார்கள். உலகிலேயே நீளமானது அதுவே. அந்த அளவைப் பணியில் கிரவுதரும் அவருடைய மனைவி பாட்ரிசியாவும் பங்கு கொண்டார்கள். குகையில் அளந்த எண்களைக் கணிப்பொறியில் ஏற்றி வரைபடமாக வரைந்தார்கள். அருகிலுள்ள பிளின்ட் ரிட்ஜ் குகைகளும் மாமத் குகையும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்பதை 1972 செப்டம்பரில் கண்டறிந்த குழுவில் பாட்ரிசியாவும் இருந்தார்.

பிற்பாடு கிரவுதர் தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக அந்தக் குகையின் ஒரு பகுதியைச் சொற்களில் எழுதிக் கணிப்பொறியில் அமைத்தார். படம் ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைக் கணிப்பொறி இரண்டு வரியில் சொல்லும். நீங்கள் 'வடக்கு' என்றோ 'கீழே' என்றோ தட்டச்சு செய்தால் அடுத்த இடத்தைச் சொல்லும். வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம் என்பது நிச்சயமில்லை; குகைப் பாதை நடுவில் வளைந்திருக்கும்! முன்பின் அந்தக் குகைக்குள் போகாத ஒருவர் விளையாட்டின் நினைவைக் கொண்டே வழி கண்டுகொண்டதாகக் குகை ஆய்வாளர்களிடையே ஒரு செய்தி உண்டு.

1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துவந்த டான் வுட்ஸ் இந்த விளையாட்டைக் கண்டார். கிரவுதருக்கு எழுதி அனுமதி பெற்றார். புதிய இடங்களையும் புதிர்களையும் சேர்த்து அதை விரிவாக்கினார். 'அடுத்த பாகம் எப்போது?' என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

சொற்களால் ஆன மலை

இப்போது குற்றாலத்துக்குத் திரும்புவோம். 'நமக்குச் சொல்ல என்ன இடம் இருக்கிறது?' என்று தென்காசி வட்டாரத்து மாணவர் யாரும் கேட்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் இந்த மலையைச் சொற்களால் கட்டிவிட்டார். குறத்தி தன் மலையின் வளத்தை வசந்தவல்லிக்கு எடுத்துச் சொல்லும் பகுதியைப் படித்தவர்கள், மலைக்குப் போகாமலே மலையில் உலவி வருவார்கள். படமில்லாமல் இடத்தைக் காட்டும் வித்தை நமக்குப் புதிதல்ல.

குற்றாலத்தை ஒரு விளையாட்டாக நினைத்துப் பாருங்கள். உயரத்தில் தேனருவி, அதற்குக் கீழே செண்பகாதேவி அருவி, அதற்கும் கீழே பேரருவி. பிறகு சிற்றாறு சமவெளியில் ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. ஒவ்வோர் இடத்தையும் ஒரு புள்ளியாகவும், வழியை ஒரு கோடாகவும் வரையுங்கள். கணிதத்தில் இதற்குக் கோட்டுரு என்று பெயர். 1736இல் ஆய்லர் என்ற கணித மேதை கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றிய புதிருக்கு விடை கண்டபோது பிறந்த துறை இது. மனிதன் போகும் கோட்டில் இரு திசையிலும் போகலாம். தண்ணீர் போகும் கோடு ஒரு திசைதான்.

புதிருக்கும் பஞ்சமில்லை. பேரருவியின் நீர் உச்சியிலிருந்து நேரே தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக் குழியில் விழுந்து, பொங்கி வழிந்து, பிறகே கீழே இறங்குகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் கீழே நின்று குளிக்க முடியுமா? ஐந்தருவியில் ஒரே ஓடை ஐந்தாகப் பிரிவது எதனால்? தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் நுழையும்போது, சாரல் காலத்தில் காற்று முகத்தில் வந்து மோதும். அந்தக் காற்று எந்த இடைவெளி வழியே வருகிறது என்று விளையாடுபவர் கண்டுபிடித்தால் கணவாய் இருக்கும் திசை அவருக்குத் தெரிந்துவிடும். இந்தப் புதிர்களை யாரும் கற்பனையில் கோக்கத் தேவையில்லை. இடமே கோத்து வைத்திருக்கிறது.

அடியால் அளப்போம்

வரைபடம் இல்லாமல் விளையாட்டு இல்லை. வரைபடம் வரைய விலையுயர்ந்த கருவி வேண்டுமா? வேண்டாம். முதலில் 30 மீட்டர் தூரத்தை நாடாவால் அளந்து, இயல்பாக நடந்து எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 50 அடி என்றால் உங்கள் அடி ஒன்றுக்கு 60 சென்டிமீட்டர். இனி உங்கள் கால்களே அளவுகோல். திசைக்கு ஒரு காந்த ஊசி போதும். கைப்பேசியில் உள்ள திசைகாட்டியும் உதவும்.

தென்காசிக் கோயிலைச் சுற்றியுள்ள தேரோடும் வீதிகளில் ஒரு சுற்று நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் தூரத்தையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து வரைபடத் தாளில் வரையுங்கள். நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தீர்கள். ஆனால் தாளில் கடைசிக் கோடு முதல் புள்ளியைத் தொடாது! அந்த இடைவெளிதான் உங்கள் அளவையின் பிழை. மறுநாள் இன்னும் கவனமாக அளந்தால் இடைவெளி சுருங்கும். கிரவுதர் தம்பதிகள் இருட்டுக் குகையில் நாடாவும் திசைகாட்டியும் கொண்டு செய்த வேலைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

விளையாட்டில் மூன்று உயிர், மலையில் ஒன்று

இங்கே ஓர் எச்சரிக்கை. செண்பகாதேவி, தேனருவி இருக்கும் மேல்மலை வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதியின்றி அங்கே ஏறக் கூடாது. கீழே உள்ள அருவிகளிலும் தண்ணீரின் குணத்தை அறியாமல் இறங்கக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் பதினேழு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அருவிக்கரையில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நீர் ஒரு திசைக் கோடுகள் வழியே இறங்கிவரச் சிறிது நேரம் ஆகும். வந்து சேரும்போது ஓடிப் பிழைக்க அவகாசம் இராது.

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். குற்றாலத்தைப் பற்றி நீங்கள் செய்யும் விளையாட்டில் மேல்மலை மழை, அது இறங்கிவரும் நேரம், நீரின் நிறம் மாறுவது, மேலிருந்து சருகும் கட்டையும் மிதந்து வருவது ஆகியவை இடம்பெறட்டும். விளையாடுபவர் அந்த அறிகுறிகளைப் பார்த்துக் கரையேறக் கற்றுக்கொள்ளட்டும். வெளியூர்களிலிருந்து சாரலுக்கு வரும் குடும்பங்களுக்கு இந்த மலையின் குணம் தெரியாது. அதை எடுத்துச் சொல்லும் விளையாட்டை எந்த அயல்நாட்டு நிறுவனமும் நமக்குச் செய்து தராது.

'நம்மால் ஆகுமா?'

'பெரிய விளையாட்டுக்குக் கோடிக்கணக்கில் பணமும் நூற்றுக்கணக்கில் ஆட்களும் வேண்டுமே' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 'ரிவென்' போன்ற ஒன்றைப் பள்ளி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்துவிட முடியாது. ஆனால் 'அட்வென்ச்சர்' முதலில் ஒரே மனிதர் எழுதியது. அதன் முதல் வடிவம் சில நூறு வரிகளே கொண்ட நிரல். இன்று பள்ளியில் பைத்தான் கற்றுக்கொண்ட மாணவர் அதுபோன்ற ஒன்றை எழுதலாம். மென்பொருள் என்றால் பெருநகரம்தான் என்ற எண்ணமும் வேண்டாம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ நிறுவனத்தின் மென்பொருள் அலுவலகம் இயங்கிவருகிறது.

கணிப்பொறியே இல்லையா? பழைய அழைப்பிதழ் அட்டைகள் இருபதை எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசிப் பேருந்து நிலையத்துக்கு முதல் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் ஓர் இடத்தின் பெயரை எழுதி, அங்கே என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, என்ன மணக்கிறது என்று நான்கு வரி சேருங்கள். கிழக்கே போனால் எத்தனையாம் அட்டை, மேற்கே போனால் எத்தனையாம் அட்டை என்று அடியில் குறியுங்கள். இரண்டு மூன்று அட்டைகளில் புதிர் வையுங்கள். ஓர் அட்டையில் வெள்ளத்தின் அறிகுறியை மறைத்து வையுங்கள்.

பிறகு குற்றாலத்துக்கு வந்தே இராத ஒரு நண்பரிடம் அந்தக் கட்டைக் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். அடுத்த சாரலுக்கு அவர் தென்காசியில் வந்து இறங்கி, யாரிடமும் கேட்காமல் ஐந்தருவிக்கு வழி கண்டுபிடித்து, தண்ணீர் கலங்கத் தொடங்கியதும் தாமாகவே கரையேறி நின்றாரென்றால் உங்கள் வரைபடம் சரியானது. வழி தவறினால் எந்த அட்டையில் தவறினார் என்று கேட்டு, அந்த அட்டையைத் திருத்தி எழுதுங்கள்.